உப்புக் காத்துல ரீலும் துப்பாக்கியும் துருப்பிடிக்குது, என்ன வழி?

கரைத்தூண்டில்:
வணக்கம். நான் திருச்செந்தூர் பக்கம். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு தெருவும் கொஞ்சம் பனையும்தான். சாயங்காலம் கரையில நின்னு பாரை, ஊளி மீனுக்கு லூர் (பொய் இரை) போடுவேன். வீட்டுக்கு வந்ததும் ரீலை நம்ம போர் தண்ணியில நல்லாக் கழுவி, துணியால தொடச்சு, எண்ணெயும் விடுறேன். அப்படியும் ஹேண்டிலைச் சுத்தினா கரகரன்னு சத்தம். பெயில் ஆர்ம் (ரீல் முன்னாடி நூலைப் பிடிச்சுச் சுத்துற கம்பி) ஸ்க்ரூவைச் சுத்தி வெள்ளையா மாவு மாதிரி கிளம்புது. லூர் டப்பாவுல ஒரு கொக்கி பழுத்தா ஒரே வாரத்துல எல்லாக் கொக்கியும் பழுக்குது.

இன்னொண்ணு. அப்பா காலத்து 12 போர் ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒண்ணு இருக்கு. கடையத்துத் தோட்டத்துல பன்னித் தொல்லைக்காக வாங்கினது. இப்ப லைசென்ஸ் என் பேர்ல. எலெக்‌ஷனுக்கு டெபாசிட் பண்ணித் திரும்ப வாங்கினப்ப குழல் மேல செம்புள்ளியாத் துரு. ரெண்டையும் எப்படிக் காப்பாத்துறது?

நெல்லைக்காரன்:
துரு போகணும்னா புளியைக் கரைச்சுத் தேயுங்க, பளிச்சுன்னு ஆயிடும். அப்புறம் தேங்காண்ணெய் தடவி வைங்க. எங்க தாத்தா அருவாளுக்கு அதான் செய்வாரு.

முத்துநகர்_ரீல்:
கரைத்தூண்டில் தம்பி, நான் தூத்துக்குடியில ரீல் சர்வீஸ் பண்றவன். நீங்க சொன்னதுல என் கண்ணுல முதல்ல பட்டது "போர் தண்ணி". உங்க பக்கம் கடல் தண்ணி நிலத்துக்குள்ள ஏறி ரொம்ப வருஷமாச்சு. அந்தத் தண்ணியில கழுவிக் காய வச்சா, தண்ணி போயிடும், உப்பு பேரிங்குக்குள்ளயே தங்கிடும். வீட்டுக்கு ஆர்.ஓ. சர்வீஸுக்கு வர்ற பையன்கிட்ட டிடிஎஸ் மீட்டர் இருக்கும், லிட்டர் தண்ணியில எத்தனை மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டும். ஒரு டம்ளர் தண்ணியில வச்சுப் பாக்கச் சொல்லுங்க.

துருவுக்கு ஈரம் மட்டும் காரணம் இல்ல, உப்புதான் ஈரத்தைக் கூப்பிடுது. காத்துல ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினா சாதா உப்பே நீர் விட ஆரம்பிச்சிடும். கடல் உப்புல மக்னீசியம் குளோரைடும் இருக்கு. அது 33 சதவீதத்துலயே ஈரத்தை இழுக்கும். நம்ம கடற்கரையில ராத்திரி எந்த மாசம் அதைவிடக் காய்ஞ்சு கிடக்கு? அதனால உப்பு இருக்கிற இடத்து மேல எண்ணெய் விட்டா, உப்பை உள்ள வச்சு மூடின கதைதான். முதல்ல உப்பு வெளிய போகணும். எண்ணெய், கிரீஸ் எல்லாம் அதுக்கப்புறம்.

கடல் தண்ணியில லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதோட ஒப்பிட்டா உங்க போர் தண்ணி எவ்வளவோ தேவலை. அதனால முதல் அலசு அதுலயே இருக்கட்டும், கடைசி அலசு மட்டும் கேன் தண்ணியில ஒரு சொம்பு. மழைக்காலம்னா மாடித் தண்ணி பிடிக்கலாம். ஆனா மாடியிலயும் உப்பு படிஞ்சிருக்கும், முதல் மழையை விட்டுடுங்க.

கழுவுறதுக்கு முன்னாடி டிராக் நாபை (மீன் இழுக்கும்போது நூல் எவ்வளவு இறுக்கமா ஓடணும்னு வைக்கிற திருகை) நல்லா இறுக்கிடுங்க. இல்லேன்னா தண்ணி டிராக் வாஷருக்குள்ள போகும். பைப்பை வேகமாத் திறந்து பீச்சாதீங்க, வெளிய இருக்கிற உப்பை நீங்களே உள்ள தள்ளி விட்டுருவீங்க. வாளியில முக்கியும் வைக்காதீங்க. பூவாளி மாதிரி மெல்ல ஊத்தி, உதறி, நிழல்ல காய விடுங்க. காய்ஞ்சதும் டிராக்கைத் தளர்த்திடணும். பின்னல் நூலுக்குள்ள உப்புத் தண்ணி ஊறி நிக்கும், அதனால ஸ்பூல் மேல கொஞ்சம் கூடுதலா ஊத்துங்க.

என்கிட்ட சர்வீஸுக்கு வர்ற ரீல்ல முதல்ல செத்திருக்கிறது லைன் ரோலர் (பெயில் ஆர்ம் நுனியில நூல் ஓடுற சின்ன உருளை) பேரிங்தான். நூல் சுமந்துட்டு வர்ற உப்புத் தண்ணி முழுக்க அது மேல ஓடுது. விரலால தள்ளிப் பாருங்க. உருளாம நின்னா, நூல் ஒரே இடத்துல உரசிக் கோடு போட்டுரும், அப்புறம் அந்தக் கோடே நூலை அறுக்கும். காய்ஞ்சதும் அந்த இடத்துல ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் போதும்.

அந்த வெள்ளை மாவு, அலுமினியம் அரிக்கிறது. ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ், பாடி அலுமினியம், நடுவுல உப்புத் தண்ணி. பேட்டரி வேலை செய்யற மாதிரியே கரண்டு ஓடி அலுமினியம் கரையும். ஸ்க்ரூவைக் கழட்டி, மரையைச் சுத்தம் பண்ணி, மெரைன் கிரீஸ் தடவி மாட்டுங்க. இப்ப விட்டா அடுத்த வருஷம் அது கழலவே கழலாது.

டபிள்யூடி-40 ஸ்ப்ரே பத்தி எல்லாரும் கேப்பாங்க. 1953-ல அமெரிக்காவுல சான் டியாகோவுல, தண்ணியை விலக்கித் துருவைத் தடுக்கக் கண்டுபிடிச்சது. அட்லஸ் ஏவுகணையோட தோலுக்கே பூசினாங்க. வெளிய துடைக்க அருமையான சரக்கு. ரீலுக்குள்ள அடிச்சா இருக்கிற கிரீஸையும் கரைச்சு ஓட்டிடும்.

கடல்ல நனைஞ்ச லூரைத் திரும்ப அதே டப்பாவுல போடாதீங்க. தனி டப்பா, நல்ல தண்ணியில முக்கி, காய்ஞ்ச பிறகுதான் பழைய இடம்.

நெல்லைக்காரன் தம்பி, பித்தளைச் சொம்புக்குப் புளி சரி. துப்பாக்கிக்கு வேணவே வேணாம். குழல் மேல இருக்கிற கருநீலப் பூச்சும் இரும்பு ஆக்சைடுதான், புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் துருவோட அதையும் தின்னுடும். தேங்காண்ணெய் நாளாக நாளாக சிக்குப் பிடிக்கும். தினம் தீட்டுற அருவாளுக்கு அது பரவாயில்ல, விசைக்குள்ள போனா வம்பு.

தோட்டத்துக்காரன்:
துப்பாக்கிக்கு நான் சொல்றேன், கம்பம் பக்கம் நாங்களும் வச்சிருக்கோம். முதல்ல ரெண்டு குழலையும் திறந்து தோட்டா இல்லைன்னு கண்ணால பாத்துக்கோங்க. அப்புறம் 0000 நம்பர் ஸ்டீல் வுல்லை மெல்லிய எண்ணெய்ல நனைச்சு, புள்ளி இருக்கிற இடத்துல மட்டும் அழுத்தாமத் தேயுங்க. மேலாத் துரு வந்துடும், நீலம் பெரும்பாலும் நிக்கும். அதே வுல்லை ரீல் பக்கம் கொண்டு போயிராதீங்க, இரும்புத் துகள் ஒட்டிக்கிட்டு அதுவே துருப்பிடிக்கும்.

குழலுக்கு உள்ள வெளிச்சத்துல பாருங்க. குழி விழுந்திருந்தா லைசென்ஸ் உள்ள ஆர்மரர்கிட்ட (துப்பாக்கி ரிப்பேர் பாக்குறவர்) காட்டாம சுடவே கூடாது.

உறையிலயே வைக்கிறது பெரிய தப்பு. தோல் உறை, வெல்வெட் உறை ரெண்டும் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். பீரோவுல சிலிக்கா ஜெல் பையோட, குழல் கீழ் பார்த்து வைங்க. எண்ணெய் வழிஞ்சு கட்டைக்குள்ள இறங்காது. பூட்டு முக்கியம், தோட்டா வேற இடத்துல. எடுத்தவர் கை பட்ட இடத்தை எல்லாம் எண்ணெய்த் துணியால ஒரு தடவை துடைங்க, வியர்வையும் உப்புதானே. அடுத்த எலெக்‌ஷன் டெபாசிட்டுக்கு முன்னாடி குழல் உள்ளயும் வெளியவும் கெட்டியா எண்ணெய் தடவி, துரு தடுக்கிற விசிஐ பேப்பர்ல சுத்திக் குடுங்க. எத்தனை மாசம் கிடக்கும்னு நம்ம கையில இல்ல.

கரைத்தூண்டில்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. டிடிஎஸ் பாத்தாச்சு, போர் தண்ணி 2,600 காட்டுது. கேன் தண்ணி 70. அப்ப நான் இத்தனை நாளா உப்புலதான் கழுவிட்டு இருந்திருக்கேன். பெயில் ஆர்ம் ஸ்க்ரூ அசையவே மாட்டேங்குது. சூடு காட்டலாமா?

முத்துநகர்_ரீல்:
2,600 ரொம்ப அதிகம். குடிதண்ணிக்கே வேற வழி இல்லாத இடத்துல 2,000 வரைக்கும்தான் ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) விதியில விடுறாங்க. கடைசி அலசைக் கேனுக்கு மாத்திடுங்க.

தீ காட்டாதீங்க, பெயின்ட் உரியும், பக்கத்துல பிளாஸ்டிக்கும் இருக்கும். தலையைச் சுத்தி டபிள்யூடி-40 அடிச்சு ஒரு ராத்திரி விடுங்க. காலையில சரியான அளவு ஸ்க்ரூ டிரைவரை நல்லா அழுத்திப் பிடிச்சு, முதல்ல ஒரு மயிரிழை இறுக்குற பக்கம், அப்புறம் கழட்டுற பக்கம். தலை வழுக்குற மாதிரி தெரிஞ்சா அங்கயே நிறுத்திட்டு ரீலை அப்படியே அனுப்பி வைங்க, தலை போன ஸ்க்ரூவைத் துளை போட்டுத்தான் எடுக்கணும்.