மறு: மறு: தண்ணீர் பம்ப்புக்கு அடியில் இருக்கும் ஓட்டைக்கு என்ன பெயர்?

அம்பத்தூர், வியாழன் இரவு

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். திங்கள் காலை என் மாணவர்கள் கையில் செய்முறைத் தாள் இருக்க வேண்டும். ஞாயிறு மதியத்துக்குள் அச்சுக்குத் தந்தால்தான் அது நடக்கும். அதனால்தான் இந்த அவசரம்.

தொழிற்பயிற்சியில் மோட்டார் வண்டிப் பிரிவு என்னுடையது. கழற்றிப் பூட்டிப் பழக ஒரு பழைய மாருதி 800 கொட்டகையில் நிற்கிறது. மூன்று சிலிண்டர், 796 சிசி. 2014-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள் என்றாலும் பையன்கள் கைபழக அதைப் போல எளிய எஞ்சின் கிடைக்காது. இந்த வாரப் பாடம் அதன் தண்ணீர் பம்ப்பை மாற்றுவது.

தாளில் முதலில் 'நீரேற்றி' என்று எழுதியிருந்தேன். போன வாரம் வகுப்பில் "நீரேற்றி எங்கே, காட்டு" என்றேன். ஒரு பையன் கொஞ்சமும் யோசிக்காமல் ஜன்னல் வழியாக எதிர் வீட்டு மொட்டைமாடித் தொட்டியைக் காட்டினான். அவன் மேல் தப்பே இல்லை. காரில் எந்தத் தண்ணீரும் மேலே ஏறுவதில்லை. உள்ளே இருக்கும் அதே தண்ணீர் எஞ்சினுக்குள் போய்ச் சூட்டை வாங்கிக்கொண்டு, ரேடியேட்டருக்கு வந்து ஆறி, மறுபடி எஞ்சினுக்கே போகிறது. அதை நிற்காமல் ஓட வைப்பதுதான் பம்ப்பின் வேலை.

சரி, அதைக்கூட 'பம்ப்' என்றே விட்டுவிடுவேன். என்னைப் படுத்துவது அதன் அடியில் இருக்கும் சின்ன ஓட்டை. பம்ப்பின் தண்டில் ஒரு பக்கம் தண்ணீரைத் தள்ளும் சக்கரம், மறுபக்கம் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங். நடுவே தண்ணீரைத் தடுக்க ஒரு சீல். சீலுக்கும் பேரிங்குக்கும் இடையில் கீழ்நோக்கி ஓர் ஓட்டை வைத்திருப்பார்கள். சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் அந்த ஓட்டை வழியாகச் சொட்டும். பம்ப்பை மாற்று என்பதற்கு அதுதான் அறிகுறி.

இதை நான் 'கசிவுத்துளை' என்று எழுதினேன். ஒரு மாணவன் விடைத்தாளில் 'கசிவுத்துளை ஏற்பட்டால் அடைக்க வேண்டும்' என்று எழுதிவிட்டான். சிரிக்காதீர்கள். பல வருஷத்துக்கு முன் என் சொந்த வண்டியிலேயே ஒரு மெக்கானிக் அந்த ஓட்டையில் பசை வைத்து அடைத்துக் கொடுத்தார். இரண்டு வாரம் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அப்புறம் தண்ணீர் பேரிங்குக்குள் போய் கிரீஸை அலசிவிட்டது. திருமங்கலம் சிக்னலில் கரகரவென்று அரைத்து, தண்டு ஆடி, பெல்ட் கழன்று நின்றேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு போன அரை மணி நேரமும் அந்தப் பசையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே பெயரைக் கேட்டதும் 'இது பழுது இல்லை, வேண்டுமென்றே வைத்தது' என்று புரிய வேண்டும். உதவுங்கள்.

வேளச்சேரி, வெள்ளி காலை

வடிதுளை. வடிகால் மாதிரி. வடிகாலை யாரும் பழுது என்று நினைப்பதில்லை.

எங்கள் பகுதிக்காரர்கள் மட்டும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாமும் பார்த்த எங்களுக்கு வடிகால் என்றால் தண்ணீர் நிற்கும் இடம். ஆனால் சொல்லின் குற்றம் இல்லை அது.

பம்ப்பைப் பம்ப் என்றே எழுதுங்கள் சார். நான் மென்பொருள் மொழிபெயர்க்கிறவள். திரையில் தமிழில் இருப்பது புரியாமல் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

மயிலாப்பூர், வெள்ளி காலை

அம்மா, பம்ப் என்று எழுதக் கூடாது. ஆங்கிலம் என்பதற்காகச் சொல்லவில்லை. தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது, அவ்வளவுதான். குற்றியலுகரம் ஏற்றிப் 'பம்பு' என்று எழுதுங்கள்.

அப்படி எழுதியதும் ஒரு வேடிக்கை பாருங்கள். பம்புதல் நம் வினை. செறிதல், பரவுதல், ஒலித்தல் என்று பொருள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியை எடுத்துப் பாருங்கள். ஆடி மாதம் அம்மன் கோயிலில் அடிக்கிறார்களே, அந்தப் பம்பை இதன் உறவுதான். ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் டச்சுக்காரரிடமிருந்து போனது என்பார்கள். கப்பலில் தேங்கும் நீரை இறைக்கும் கருவி அது. அந்த டச்சுக்காரர் 1613-ல் எங்கே கோட்டை கட்டினார்கள்? பழவேற்காட்டில். நம் கடற்கரையில் கப்பல் நீர் இறைத்தவர்கள் யாரிடம் சொல் கற்றிருப்பார்கள் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

நங்கநல்லூர், வெள்ளி மதியம்

ஐயா, ஆங்கிலத்தில் அந்தச் சொல் 15-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. பழவேற்காட்டுக்கு டச்சுக்காரர் வந்தது அதற்கு நூறாண்டுக்கும் பின்னால்.

வளசரவாக்கம், வெள்ளி மதியம்

நான் யாழ்ப்பாணத்தில் படித்தவன். எங்கள் பாடப்புத்தகத்தில் 'பம்பி' என்றுதான் இருந்தது. தோட்டத்துக்கு இறைக்கிறதும் நீர்ப்பம்பி, பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருந்ததும் பம்பி. யாரும் அதற்காக அடிபட்டதில்லை. இந்தியாவுக்கு வந்த பிறகுதான் இதற்கு இவ்வளவு பெயர் இருப்பது தெரிய வந்தது.

மயிலாப்பூர், வெள்ளி மாலை

பம்பி! பாருங்கள், ஈழத்தில் வினையாகவே வைத்திருக்கிறார்கள். பம்புவது பம்பி. என் கட்சி வலுக்கிறது. காலக்கணக்கு ஒன்றுதான் இடிக்கிறது. அதற்கு அரேபிய வணிகர்கள் வழியாக ஓர் ஊகம் வைத்திருக்கிறேன். நாளை எழுதுகிறேன்.

வேளச்சேரி, வெள்ளி இரவு

நாளை எழுத வேண்டாம் ஐயா. அவருக்கு ஞாயிறு கெடு.

புதுப்பேட்டை, வெள்ளி இரவு

நான் இங்கே பெரும்பாலும் படிப்பதோடு சரி. பாகக் கடை வைத்திருக்கிறேன், அதனால் இரண்டு வார்த்தை.

கடைக்கு வருகிறவர்கள் 'தண்ணி பம்ப்பு' என்று கேட்பார்கள். வடநாட்டு லாரிக்காரர்கள் 'வாட்டர் பாடி' என்பார்கள். பாகங்கள் சேரும் இடத்தில் ஒழுகாமல் வைக்கும் கேஸ்கட்டைப் 'பேக்கிங்' என்பார்கள். ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட்டைக் 'கூலண்ட் ஆயில்' என்பார்கள். அதில் ஆயிலே கிடையாது என்று நானும் இருபது வருஷமாகச் சொல்கிறேன். வாத்தியார் கேட்கும் அந்த ஓட்டைக்கு மட்டும் யாரும் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. கடைப் பையன் 'பம்ப்பு மூக்கொழுகுது' என்பான்.

ஒன்று கவனியுங்கள். புதுப் பம்ப் மாட்டினால் சீல் படியும்வரை அந்த ஓட்டையில் லேசாக ஈரம் தெரியலாம். பயந்துகொண்டு திருப்பித் தர வருகிறார்கள். அதே இடத்தில் தண்ணீர் காய்ந்து உப்புப் பூத்த மாதிரி தடம் விழுந்து, பெல்ட் ஓடும் புல்லியைக் கையால் ஆட்டினால் ஆடவும் செய்தால், அப்போதுதான் பம்ப் போச்சு. 'கசிவு' என்று பெயர் வைத்தால் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

நங்கநல்லூர், சனி காலை

மூக்கொழுகலை விட 'அழுதுளை' கௌரவமாக இருக்கும். ஆங்கிலத்திலும் 'வீப் ஹோல்', அழுகைதான். அழு + துளை, வினைத்தொகை, முக்காலமும் காட்டும். நேற்று அழுத துளை, இன்று அழுகின்ற துளை, மாற்றாவிட்டால் நாளையும் அழும் துளை. புதுப்பேட்டைக்காரர் சொன்ன புதுப் பம்ப்பின் ஈரமும் இதில் அடங்கிவிடும்.

ஆனால் என் சொல்லில் நானே ஒரு குறை காண்கிறேன். அழுது + உளை என்றும் அது பிரியும். மாணவன் எப்படிப் பிரிப்பான் என்று என்னால் உறுதி தர முடியாது.

மயிலாப்பூர், சனி காலை

அழுகை அமங்கலம். புது வண்டிக்குப் பூசை போடுகிறவர்கள் அழுதுளை உள்ள பாகத்தை வாங்குவார்களா?

பம்ப்புக்கு வருகிறேன். நீரேற்றி பொருந்தாது என்று அம்பத்தூர்த் தம்பி சொன்னது சரி. நீரிறைப்பானும் ஆகாது. 'இறைப்பவர்க்கு ஊற்றுநீர் போல மிகும்' என்பது குறள். இறைத்தால் வெளியே எடுத்தாக வேண்டும், எடுக்க எடுக்க ஊறவும் வேண்டும். காரில் எடுப்பதும் இல்லை, ஊறுவதும் இல்லை. நம் குடிநீர் வாரியம் 'கழிவுநீர் உந்து நிலையம்' என்று பலகை வைத்திருக்கிறது. அந்த வழியில் 'நீருந்து' என்று வைப்போமே.

வேளச்சேரி, சனி காலை

பேருந்து பஸ், சரக்குந்து லாரி, மகிழுந்து கார். அப்படியானால் நீருந்து படகு. மகிழுந்துக்குள் நீருந்து இருக்கிறது என்று எழுதினால் மறுபடி வேளச்சேரி வெள்ளத்துக்குத்தான் போய் நிற்போம்.

இன்னொன்று. பேருந்து நிலைத்ததற்குக் காரணம் அதன் அழகு இல்லை. ஊர் ஊராகப் பலகையில் எழுதினார்கள், நிலைத்தது. மகிழுந்தை யார் எழுதினாலும் வாய் 'கார்' என்றே சொல்கிறது. 1916-ல் ராஜாஜி முதலானவர்கள் சேலத்தில் கலைச்சொல்லுக்கென்றே சங்கம் வைத்த நாளிலிருந்து இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அம்பத்தூர், சனி மதியம்

'நீரோட்டி' என்று எனக்கு ஒன்று தோன்றியது. நீரை ஓட வைப்பது நீரோட்டி. வேலையைச் சரியாகச் சொல்கிறது. கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். அவசரத்தில் இரட்டைக் கொம்பு ஒற்றைக் கொம்பானால் 'நீரொட்டி' ஆகிவிடுகிறது. ஒட்டுகிற பசையிலிருந்து தப்பிக்கத்தான் இந்தக் கூத்தே. வேண்டாம், 'தண்ணீர் பம்ப்பு' என்றே போட்டுவிடுகிறேன்.

நங்கநல்லூர், சனி மதியம்

தண்ணீர்ப் பம்ப்பு. ப் மிகும். தண்ணீர்ப் பந்தல் போல.

வளசரவாக்கம், சனி மாலை

தண்ணீர் என்ற சொல்லே எனக்கு இடிக்கிறது. தண் என்றால் குளிர்ச்சி. வண்டி ஓடும்போது, சூடேறிய பிறகு தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் திறப்பதே 80 டிகிரிக்கு மேல்தான். கொதிக்கப் போகும் நிலையில் இருப்பதைத் தண்ணீர் என்றும் குளிர்வி என்றும் சொல்கிறோம். கூலண்ட் போத்தலின் மேல் உறைவதைத் தடுக்கும் என்று வேறு எழுதியிருக்கிறார்கள். சென்னையில் எது உறையும்?

அம்பத்தூர், சனி இரவு

உறையாதுதான். ஆனால் கூலண்ட்டில் உறையாமல் தடுக்கும் அதே எத்திலீன் கிளைகால் கொதிநிலையையும் ஏற்றும், துருவையும் தடுக்க மருந்து கலந்திருக்கும். வெறும் போர்த் தண்ணீரை ஊற்றினால் ரேடியேட்டருக்குள் உப்புப் படிந்துவிடும். தாளில் 'கூலண்ட்' என்றே இருக்கட்டும். 'குளிர்வி' என்று எழுதினால் பையன்கள் ஏசியில் தேடுவார்கள்.

இந்தச் சாக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். வடித்த கூலண்ட்டைத் தட்டில் பிடித்து உடனே மூடி வைக்க வேண்டும். அது தித்திப்பாக இருக்கும், விஷம். கொட்டகை வாசலில் மூன்று தெருநாய்கள் படுத்திருக்கின்றன. சூடு ஆறாமல் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். அதற்கு மட்டும் யாரும் கலைச்சொல் கேட்க வேண்டாம்.

எண்ணிப் பார்த்தேன். தனி மடல்களையும் சேர்த்து வடிதுளைக்கு ஆறு, அழுதுளைக்கு இரண்டு, மூக்குக்கு ஒன்று. அந்த ஒன்று யார் என்று உங்களுக்கே தெரியும். வடிதுளையில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. வடிகிறது என்று சொல்கிறதே தவிர, பம்ப்பை மாற்று என்று சொல்லவில்லை. பக்கத்தில் 'அடைக்காதே' என்று ஒரு அம்புக்குறி போட்டுக்கொள்கிறேன்.

மயிலாப்பூர், ஞாயிறு காலை

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். தாளில் ஒரு 'ப்' கூடுதலாக வைத்துப் பம்ப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். பம்பு என்றால் போதும். அரேபிய வணிகர் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

அம்பத்தூர், திங்கள் மதியம்

தாள் வந்துவிட்டது, வகுப்பும் முடிந்தது. பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது ஒருவன் அலுமினியத்தில் கீறல் போட்டான். மற்றபடி ஒழுகவில்லை.

ஒரு வருத்தம். அச்சகத்தில் தட்டச்சு செய்தவர் நல்லெண்ணத்தில் ஒற்று சேர்த்து, நாற்பது பிரதியிலும் 'வடித்துளை' என்று அடித்துவிட்டார்.

நங்கநல்லூர், திங்கள் மாலை

ஒற்று மிகுந்தால் வினைத்தொகை போயிற்று. வடி பெயராகிவிடும். வடி என்றால் மாம்பிஞ்சு. உங்கள் மாணவர்கள் இன்று கழற்றியது மாவடுவில் வண்டு போட்ட ஓட்டையை.

புதுப்பேட்டை, திங்கள் இரவு

அதையும் அடைக்கக் கூடாதுதானே?