வாயில் நுழையாத பெயர்கள்

கதைக்காகச் சொந்தமாக ஒரு மொழியை உண்டாக்கிப் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். அதற்கு ஒலி அமைத்தபோது எங்கே இடித்தது, எங்கே கைகூடியது என்று ஆளுக்கொன்று சொன்னால் புதிதாக எழுத வருகிறவர்களுக்கு உதவும். முதலில் என்னுடையது.

நாலு வருடமாக ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மலைமேல் ஒரு கூட்டம், கடற்கரையில் ஒரு கூட்டம், நடுவில் உப்பு. மலைக்காரர்கள் வாயைத் திறந்ததுமே இது வேற்று மொழி என்று தெரிய வேண்டும் என்பதற்காக, கடினமான ஒலிகளையெல்லாம் அள்ளிப் போட்டேன். த்ரெக், ஸ்மாத், க்ஷ்ராழ்ஃப் என்று பெயர்கள் வைத்தேன். பெயரைப் பார்த்தாலே பயம் வர வேண்டும் என்று நினைத்தேன்.

அச்செடுத்து வைத்திருந்த முதல் அத்தியாயத்தை ஒருநாள் ஆச்சி எடுத்து வாசித்தாள். எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். ஆச்சிக்கு எதையும் வாய்விட்டு வாசித்துத்தான் பழக்கம். பக்கத்தில் முறத்தில் உரித்துப் போட்ட சின்ன வெங்காயம், மடியில் என் தாள்கள். 'த்ரெக்' வந்த இடமெல்லாம் 'துரெக்கு' என்றாள். ஸ்மாத் 'இஸ்மாத்து' ஆனான். க்ஷ்ராழ்ஃப் வந்ததும் நிறுத்திவிட்டாள். "ஏல, இது என்ன பேரு? வாயில நுழையவே மாட்டேங்கு."

முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி அவள் சொன்ன பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது. அவள் எதையும் கண்டபடி மாற்றவில்லை. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் ஒட்டி வந்தால் நடுவிலோ முன்னாலோ ஓர் உயிரைச் செருகுகிறாள். வல்லின மெய்யில் முடிந்தால் அதை இரட்டித்து ஓர் உகரம் சேர்க்கிறாள். பஸ் 'பஸ்ஸு' ஆவதும், கப் 'கப்பு' ஆவதும், ஸ்கூல் 'இஸ்கூலு' ஆவதும் இதே கணக்குத்தான். அவள் வாய்க்குள் ஒரு சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு மொழிக்காரன் வாய்க்குள்ளும் இருக்கிறது. என் மலைக்காரர்கள் வாய்க்குள் மட்டும் அது இல்லை. அவர்களுக்கு எல்லா ஒலியும் எல்லா இடத்திலும் வந்தது. அதனால்தான் அது மொழியாக இல்லாமல் வெறும் சத்தமாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்ததைத் திரும்ப எடுத்தேன். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் சொல் எந்த எழுத்தில் தொடங்கலாம், எதில் முடியலாம், எந்த மெய்க்குப் பக்கத்தில் எந்த மெய் நிற்கலாம் என்று கணக்காகச் சொல்லியிருக்கிறது. சொல்லின் கடைசியில் வரக்கூடிய மெய்கள் 11: ஞ், ண், ந், ம், ன், ய், ர், ல், வ், ழ், ள். வல்லினம் ஆறில் ஒன்றுகூட இல்லை. மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம். ஒரு புது மொழிக்கு ஒலி அமைக்க உட்காருகிறவனுக்கு வேண்டிய மூன்று கேள்வியும் இதில் இருக்கின்றன. இதைக் கையில் வைத்துக்கொண்டு நான் எங்கெங்கோ தேடியிருக்கிறேன்.

சரி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தேன். இந்த முறை மலைமொழிக்குத் தமிழில் இல்லாத ஒலி ஒன்றுகூட வைக்கவில்லை, இடத்தை மட்டும் மாற்றினேன். சொல் உயிரில் தொடங்கக் கூடாது. ட, ங, ல எல்லாம் முதலில் வரலாம். வல்லின மெய்யிலோ மெல்லின மெய்யிலோதான் முடிய வேண்டும். டாமக், ஙேலாட், லிரப். எல்லாம் நம் எழுத்துதான், ஆனால் நம் ஊர்ப் பெயர் இல்லை என்று கேட்டதும் தெரிகிறது.

கடற்கரை மொழிக்கு நேர்மாறான சட்டம். எல்லாச் சொல்லும் உயிரில் முடியும், ட கிடையாது, சொல் முதலில் ங வராது. அப்புறம்தான் எனக்குப் பிடித்த வேலை வந்தது. மலைக்காரன் பெயரைக் கடற்கரைக்காரி சொன்னால் எப்படி வரும்? டாமக் 'தாமகா' ஆவான். ஙேலாட் 'நேலாதா' ஆவாள். ஆச்சி என் பெயர்களுக்குச் செய்ததையே அவர்கள் ஒருவருக்கொருவர் செய்கிறார்கள்.

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் தன் கதைகளுக்காக உண்டாக்கிய குவென்யா மொழியைப் பார்த்தபோது இன்னும் நம்பிக்கை வந்தது. அவர் ஃபின்னிஷ் மொழியின் ஓசையில் மயங்கி அதை உருவாக்கியவர். அதில் சொல் முதலில் பெரும்பாலும் மெய்கள் ஒட்டி வராது. 'கம்பு', 'பந்து', 'தங்கம்' என்னும்போது நாம் மென்மையாக்கிச் சொல்கிறோமே அந்த ப, த, க, அவை குவென்யாவில் தனியாக நிற்காது. மெல்லினத்துக்குப் பின்னாலோ ல, ர போன்றவற்றுக்குப் பின்னாலோதான் வரும். கிட்டத்தட்ட நம் வீட்டுச் சட்டம். அந்த மொழி காதுக்கு இதமாக இருப்பதில், அவர் விலக்கி வைத்த ஒலிகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது ரொறன்ரோவில் இருக்கிறேன். இந்த ஊரின் பெயரை நான் எழுதியிருப்பதைப் பார்த்தாலே என் பிரச்சினை விளங்கும். நீங்கள் 'டொரண்டோ' என்று எழுதுவீர்கள். டீவியை நாங்கள் 'ரீவி' என்று எழுதுவோம். நுனிநாக்கு பல்லுக்குச் சற்று மேலே முட்டி வரும் அந்த ஆங்கில ஒலிக்கு எங்களுக்கு ட சரிவராது, ரகரமும் றகரமும்தான் கிட்டே வரும்.

என் கதையில் ஒரு துறைமுகத்துக்கு 'ரேமின்' என்று பெயர் வைத்தேன். என் காதில் அந்த முதல் எழுத்து ரொறன்ரோவின் முதல் எழுத்து. மதுரையில் இருக்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். ரேகை, ரேடியோ என்பது மாதிரி ரகரமாகவே வாசித்தார். அவர் வாசித்ததில் பிழை ஒன்றும் இல்லை. நான் எழுதியதிலும் பிழை இல்லை. ஒரே எழுத்து, இரண்டு கரையில் இரண்டு ஒலி.

சொல்லின் நடுவே ற்ற என்று எழுதினால் சரியாகும் என்று பார்த்தேன். அதுவும் சரிவரவில்லை. 'வெற்றி' என்ற சொல்லையே நாங்கள் கதைக்கும்போது ஒரு மாதிரியும் அங்கே இன்னொரு மாதிரியும் வருகிறது. கடைசியில் அந்த ஒலியையே மொழியிலிருந்து எடுத்துவிட்டேன். த இருக்கிறது, ட இருக்கிறது, நடுவில் இருந்த ஒன்று போய்விட்டது. எனக்கு அதில் இன்றைக்கும் மனவருத்தம் உண்டு. ஆனால் தமிழ் எழுத்தில் அச்சாகிற மொழிக்கு, எழுத்தைப் பார்த்து எல்லாரும் ஒரே மாதிரி வாசிக்கிற ஒலிகளை வைத்துக்கொள்வதுதான் வாசகருக்குச் செய்யும் மரியாதை.

இன்னொன்று. இரண்டு உயிருக்கு நடுவே தனிக் க போட்டால் யாரும் அதை வல்லினமாக வாசிக்க மாட்டார்கள். 'பகல்' மாதிரித்தான் வாசிப்பார்கள். அழுத்தமான க வேண்டுமானால் க்க என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்த மென்மையையே உங்கள் மொழியின் விதியாக்கிவிடுங்கள். நான் இரண்டாவதைச் செய்தேன்.

*

நான் எழுதுகிறவன் இல்லை, மேடை நாடகம் போடுகிறவன். எங்கள் நாடகத்தில் ஒரு காட்டுக்கூட்டம் வரும். முதல் ஒத்திகையில் ஆளாளுக்கு வாயில் வந்ததைக் கத்தினார்கள். அடுத்த நாள் அதே வசனம் வேறு மாதிரி வந்தது. எதிரே நிற்கிறவனுக்குத் தன் முறை எப்போது என்றே தெரியவில்லை. அதனால்தான் ஒலிப்பட்டியல் போட உட்கார்ந்தேன்.

இந்த வேலையைச் சினிமாவுக்குச் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று தேடினேன். 'ஸ்டார் ட்ரெக்' படங்களில் வேற்றுக்கிரகவாசிகள் பேசும் கிளிங்கன் மொழியில் முதல் சில வரிகளை 1979இல் வந்த படத்துக்காக ஜேம்ஸ் டூஹன் என்ற நடிகர் உருவாக்கினார். 1984இல் வந்த படத்துக்காக மார்க் ஒக்ராண்ட் என்ற மொழியியலாளர் அதை முழு மொழியாக வளர்த்தார். மனித மொழி போலத் தெரியக் கூடாது என்பதற்காக, ஒலிகளை வேண்டுமென்றே ஒழுங்கு குலைத்து எடுத்திருக்கிறார். நாக்கை மடித்துச் சொல்லும் ட அதில் உண்டு, ஆனால் 'வண்டி'யில் வருகிற மென்மையான ட மட்டும். 'பட்டு'வில் வருகிற அழுத்தமான ட கிடையாது. அமெரிக்கர் காதுக்கு அந்த ட வேற்றுக்கிரகம். நமக்கு அது மாட்டுவண்டியில் வருகிற ஒலி. இதைப் படித்த அன்றைக்குத்தான், அந்நியம் என்பது ஒலியில் இல்லை, கேட்கிற காதில் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

2009இல் வந்த 'அவதார்' படத்தில் வேற்றுக்கிரகவாசிகள் பேசும் நாவி மொழிக்கு பால் ஃப்ரோமர் என்ற மொழியியலாளர் செய்த முறை எனக்கு இன்னும் உதவியது. இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனிடம் அவர் மூன்று வகை ஓசைகளைக் கொடுத்தார். ஒன்றில் குரலின் ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும். ஒன்றில் குறில் நெடில் வேறுபாடு. மற்றொன்றில் தொண்டையை அடைத்து வெடிப்பாக விடும் ப, த, க. கேமரூன் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். நானும் மூன்று மாதிரி பேசி போனில் பதிவு செய்து பையன்களுக்குக் கொடுத்தேன். அவர்களும் வெடிப்பொலியைத்தான் கேட்டார்கள். நாலு நாள் ஒத்திகையில் இரண்டு பேருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக உச்சுக்கொட்டும் ஒலியை மெய்யெழுத்தாக வைத்தேன். நாக்கை மேல்பல்லின் பின்னால் ஒட்டி இழுத்தால் வருமே, அது. ஜூலு, ஹோசா போன்ற தென்னாப்பிரிக்க மொழிகளில் அந்த மாதிரி ஒலிகள் சாதாரண மெய்கள். 'பாகுபலி'யில் மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி மொழியிலும் அந்தச் சொடுக்கொலி காதில் விழும். நம் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம், தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

முதல் மேடையேற்றத்தில் தலைவன் போருக்கு அழைக்கிறான். வசனம் முழுக்க அந்த ஒலி. முன் வரிசையில் இருந்த அம்மாக்கள் முகம் வாடிப்போய்ப் பார்த்தார்கள். ஒருவர் அவனோடு சேர்ந்து உச்சுக்கொட்டினார். நமக்கு அந்த ஒலிக்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது, அது இரக்கம். அவன் போருக்கு அழைத்தான், இவர்கள் துக்கம் கேட்டார்கள்.

இரண்டாம் மேடையேற்றத்துக்கு முன் வசனங்களை மாற்றினேன். போர்ப்பேச்சில் அந்த ஒலியே வராது. தாய், மகன், பிணம், மண் என்ற நாலு சொல்லில் மட்டும் வைத்தேன். மகனைப் புதைக்கிற இடத்தில் அந்தத் தாய் நாலே வார்த்தைதான் பேசுவாள். அரங்கம் அசையாமல் இருந்தது. நம் காதில் ஏற்கெனவே பதிந்திருக்கும் ஒலியை எதிர்த்துப் போகாமல், அதன் போக்கிலேயே போய்ப் பாருங்கள் என்பேன்.

*

எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பால்காரர் 'ஹாலு' என்றார். அப்புறம் கவனித்தால் பல் 'ஹல்லு', புலி 'ஹுலி', பத்து 'ஹத்து', பூ 'ஹூவு'. பழைய கன்னடத்தில் சொல் முதலில் இருந்த ப, காலப்போக்கில் ஹ ஆகிவிட்டிருக்கிறது. என் கதையில் ஒரே குடியிலிருந்து பிரிந்த இரண்டு ஊர்களுக்கு இதே மாதிரி ஒரு மாற்றம் வைத்தேன். ஒரு ஊரில் முதல் க இன்னொரு ஊரில் ச ஆகும். நம் 'செவி'யும் கன்னடத்துக் 'கிவி'யும் மாதிரி.

நான் செய்த தப்பு, பிடித்த பெயர்களை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விட்டது. அது எழுத்துப்பிழை மாதிரித் தெரிந்தது. வந்தால் எல்லாச் சொல்லிலும் வர வேண்டும். பிற்பாடு வெளியிலிருந்து வந்த சொல்லில் மட்டும் வராமல் இருக்கலாம். கன்னடத்தில் பேப்பர் 'ஹேப்பர்' ஆகவில்லை. அப்படி விட்டுவைத்த ஒரு சொல்லே, அது அந்த ஊருக்குப் பின்னால் வந்து சேர்ந்த பொருள் என்று சொல்லிவிடும். 'குதிரை'க்கு வைத்த சொல்லை அப்படித்தான் விட்டுவைத்தேன்.

*

எல்லாருக்கும் நன்றி. பெங்களூர் நண்பர் சொன்ன 'பிற்பாடு வந்த சொல்' விஷயத்தைக் கண்டிப்பாக எடுத்துக்கொள்கிறேன். என் கடற்கரைக்காரர்களுக்கு உப்பு பழைய சொல், மலைக்காரர்களுக்குக் கடன் சொல். இதுவரை அந்த வேறுபாட்டை ஒலியில் காட்ட எனக்குத் தோன்றவில்லை. நாடகக்கார அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு, உச்சுக்கொட்டும் ஒலியை நானும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

போன வாரம் புது அத்தியாயங்களை ஆச்சியிடம் கொடுத்தேன். டாமக்கை 'டாமக்கு' என்றுதான் வாசித்தாள். அதை நான் கதைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே உப்பு மூட்டை சுமக்கிற வண்டிக்காரர்கள் இனி அப்படித்தான் சொல்வார்கள். ஏழாம் அத்தியாயத்தில் கடற்கரைக்காரி ஒருத்தி 'தாமகா' என்று ஒருவனைப் பற்றிப் பேசுவாள். அவன் யார் என்று நான் எங்கேயும் எழுதவில்லை.

ஆச்சி அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "ஏல, தாமகான்னு இவ சொல்லுதது நம்ம டாமக்கத்தானே?"