மறு: ‘சில்லிங் எஃபெக்ட்’ – அச்சமுடக்கம்?

> ‘குளிர்விளைவு’ என்றே வைத்துவிடலாம். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பொருந்தவில்லை, அண்ணா. ‘சில்லிங் எஃபெக்ட்’ (chilling effect) என்ற ஆங்கிலச் சட்டச் சொல், தண்டனைக்கு அஞ்சி, சொல்லக்கூடியதையும் சொல்லாமல் விடுவதைக் குறிப்பது. சித்திரை வெயிலில் யாழ்ப்பாணத்தில் இருப்பவரிடம் ‘குளிர்விளைவு’ என்றால் நல்ல செய்தி என்றுதான் நினைப்பார். தமிழில் மனம் குளிரும், கண் குளிரும், அஞ்சியவன் குளிர்வதில்லை.

‘அச்சவிளைவு’ பேய்க்கதை கேட்டாலும் வரும். ‘சுயதணிக்கை’ நடப்பதைச் சொல்கிறது. அதற்குச் சட்டம் காரணம் என்பதைச் சொல்லவில்லை. சட்டத்தின் வாசகம் எங்கே முடிகிறது என்று தெரியாததால், தடையில்லாததையும் எழுதாமல் விடுவதற்கே நமக்குப் பெயர் வேண்டும்.

செய்தி மேசையில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. ‘இராணுவத்தினர் தாக்கினர்’ என்று வந்த பிரதி ‘சீருடையினர்’ ஆகும், பிறகு ‘இனந்தெரியாதோர்’ ஆகும், அச்சுக்குப் போகையில் ‘இளைஞர் தாக்கப்பட்டார்’ என்று மட்டும் நிற்கும். எழுவாயை வெட்டச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை. ஆனால் இலங்கையில் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் 2009இல் ஊடகவியலாளர் திசைநாயகத்துக்கு 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டபோது அவரது கட்டுரைகளே முதன்மைக் குற்றச்சாட்டு. மறு ஆண்டு பொதுமன்னிப்புக் கிடைத்தாலும், பார்த்தவர்களின் பேனா மாறிவிட்டது.

துப்பாக்கியை இச்சொல்லுக்குள் இழுக்க வேண்டாம். 2006 மே மாதம் யாழ்ப்பாணத்து உதயன் நாளிதழ் அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றதற்குக் கொலை என்ற சொல்லே போதும்.

இனிச் சட்டப் பயன்பாடு. நம் அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை வெளியிடும் சுதந்திரத்தையும் சேர்த்தே காக்கிறது. மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின்கீழ் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் ஆட்சித்துறை அல்லது நிர்வாகத்துறையின் செயல் ஒன்றைக் காட்ட வேண்டும். நாமே வெட்டிய எழுவாய்க்கு எதைக் காட்டுவது? 2015இல் இந்திய உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை (புண்படுத்தும் இணையப் பதிவுகளைக் குற்றமாக்கியது) ‘சில்லிங் எஃபெக்ட்’ என்ற இக்கருத்தையும் காரணமாகக் கொண்டு நீக்கியது. நம் நீதிமன்றத்துக்கோ, நிறைவேறிய சட்டத்தின் செல்லுபடியைக் கேள்விக்குட்படுத்த அதிகாரமில்லை. சட்டமூலமாக இருக்கும்போதே எதிர்த்தாக வேண்டும். அந்த மனுவில் இதை ஒரு பந்தியாக நீட்டிக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே ‘அச்சமுடக்கம்’. ‘இச்சட்டமூலத்தின் தெளிவற்ற வரைவிலக்கணம் அச்சமுடக்கத்தை உண்டாக்கும்’ – வாயில் தடக்கவில்லை. வினைக்கு ‘அஞ்சி முடங்குதல்’. எழுத்துப்பிழையாக ‘அச்சுமுடக்கம்’ என்று வந்தாலும் பொருள் கெடாது. நம் ஒப்புநோக்குநர்களை அறிந்தே இதையும் சொல்லி வைக்கிறேன்.