புதுப்பிப்பு: ஒரே தளம், பல ஹோஸ்ட் பெயர்கள்
கொழும்பிலிருந்து நாங்கள் ஓட்டும் கிராலர் (இணையப் பக்கங்களைத் தானாகத் தேடி இறக்கும் நிரல்) ஒரே செய்தியைப் பல ஹோஸ்ட் பெயர்களில் (இணைய முகவரியில் தளத்தைக் குறிக்கும் பகுதி) திரும்பத் திரும்ப இறக்குகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது ஓரளவு அடங்கிவிட்டது.

ஒரே ஐபி முகவரியில் (சர்வரின் எண் முகவரி) உள்ள பெயர்களை ஒரே தளமாகச் சேர்க்கச் சொன்னீர்கள். சரிவராது. வெள்ளவத்தை அடுக்குமாடி மாதிரி, ஒரே ஐபியில் சம்பந்தமில்லாத தளங்கள் எத்தனையோ குடியிருக்கும். அதனால் ஒவ்வொரு ஹோஸ்டிலும் சில உள்பக்கங்களை எடுத்து சிம்ஹாஷ் ஒப்பிடுகிறோம். பக்கத்தின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரி அது, ஒத்த பக்கங்களுக்கு ஒத்ததாகவே வரும். 64 பிட்டில் 3 பிட்டுக்குள் வித்தியாசம் என்றால் ஒரே பக்கம். கூகுள்காரர்களின் 2007 ஆய்வில் உள்ள அளவு அது. முகப்புப் பக்கத்தை நம்பாதீர்கள், 'விரைவில் வருகிறோம்' எங்கேயும் ஒன்றுதான்.

மிச்சத் தொல்லை வைல்ட்கார்ட் டிஎன்எஸ், அதாவது டொமைனுக்கு முன்னால் எந்தப் பெயரைப் போட்டாலும் முகவரி தந்துவிடும் அமைப்பு. வாயில் வந்த பெயரைப் போட்டுப் பார்க்கிறோம். அதற்கும் தளம் திறந்தால் அந்த டொமைனின் புதுத் துணைப்பெயர்கள் இறக்கும் வரிசையில் சேராது. வலைப்பூச் சேவைகளுக்கு மட்டும் விலக்கு, அங்கே ஒவ்வொன்றும் தனி ஆள்.