ஜிம் பீம் ஒயிட் – பாண்டி விலைக்கு தகுமா?

மஞ்சக்குப்பத்தான்:
மக்களே ஒரு டவுட்டு. பாண்டில ஃப்ரெண்டு ரூம்ல ஜிம் பீம் ஒயிட் ஒரு ஃபுல் ஒடச்சோம். இதுவரைக்கும் நம்ம ஊரு விஸ்கி, எப்பவாச்சும் ஓசில ஸ்காட்ச், அவ்ளோதான் நம்ம அனுபவம், போர்பன்ங்கற அமெரிக்க விஸ்கி இதான் மொத தடவ. வழக்கம்போல சோடா ஊத்தி அடிச்சா தித்திப்பா இருக்கு, வெனிலா எசன்ஸ் எதுனா கலந்துட்டானுங்களான்னு தோணுச்சு. அப்புறம் ராவா ஒரு சிப்பு விட்டேன், மூக்குல சுர்ருன்னு ஏறுது, ஆனா அது அடங்குனதும் பின்னாடியே வறுத்த மல்லாட்ட (வேர்க்கடல) வாசன ஒன்னு வந்துச்சு பாருங்க, அது மட்டும் செம. கூட இருந்தவன் வேற, இது அமெரிக்காவுல அடித்தட்டு சரக்குடா இதுக்குப் போய் இவ்ளோ காச கொட்டிருக்கியேன்னு கலாய்ச்சிட்டே இருந்தான். இன்னும் கொஞ்சம் போட்டா நம்ம ஊரு சிங்கிள் மால்ட்டே வாங்கிடலாம்ல? எசன்ஸ் நெஜமாவே போடுறானுங்களா? திரும்ப வாங்கலாமா வேணாமா?

முத்தியால்பேட்ட மாமா:
எசன்ஸெல்லாம் கெடையாது தம்பி. லேபிள்ல 'ஸ்ட்ரெய்ட் போர்பன்'னு போட்டிருக்கும் பாரு, அப்படி போட்டா கலரு, ஃப்ளேவரு எதையும் சேக்கக்கூடாது, அங்க அது சட்டம். அமெரிக்காவுல காய்ச்சணும், தானியத்துல கொறஞ்சது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்கணும், உள்பக்கம் நெருப்புல கருக்குன புது ஓக் பீப்பாய்ல ஊறணும். புதுசுங்கறதுதான் இங்க மேட்டரு. மரத்த கருக்கும்போது அதுல இருக்கற லிக்னின்ங்கற பொருளு ஒடஞ்சு வெனிலா வாசன குடுக்கற வெனிலின் ஆவுது, மரத்துல இருக்கற சக்கரையும் கருகி கேரமல் மாதிரி வருது, மொத தடவ ஊத்துற சரக்கு அத்தனையும் உறிஞ்சிக்கும், நீ எசன்ஸ்னு நெனச்சது அதான். ஒரு தடவ போர்பன் ஊறுன பீப்பாய்ல மறுபடி போர்பன் ஊறவைக்க முடியாது, அதனால பழச ஸ்காட்லாந்துக்காரன் வாங்கிட்டுப் போயிடுவான், ஸ்காட்ச்சுல இந்த அளவுக்கு வெனிலா தூக்கலா இல்லாததுக்கு அதுவும் ஒரு காரணம். ஸ்ட்ரெய்ட்னா கொறஞ்சது 2 வருஷம் ஊறிருக்கணும், 4 வருஷத்துக்கு கீழன்னா வயச லேபிள்ல போட்டே ஆவணும், உன் ஒயிட்டு 4 வருஷ சரக்கு.

அப்புறம் நம்ம ஊரு விஸ்கின்ற பேர்ல கம்மி வெலைல வர்றதுல பாதிக்கு மேல எதுலேந்து வருதுன்னு தெரியும்ல? நெல்லிக்குப்பம் சக்கர ஆலப்பக்கம் போனா ஒரு நாத்தம் அடிக்குமே, சக்கர எடுத்தப்புறம் மிஞ்சற அந்த பாகு, மொலாசஸ்ஸுதான், அதுலேந்து எடுத்த ஸ்பிரிட்டுல கொஞ்சம் மால்ட் கலந்து கலரு போட்டு விக்கறது. ஐரோப்பாவுல அத விஸ்கின்னு விக்கவே விட மாட்டான். அதோட வெச்சுப் பாத்தா நீ குடிச்சது முழுக்க முழுக்க தானிய சரக்கு, காச கொட்டிட்டன்னு எவன் சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன்.

சோடா மூடி:
மாமா சொல்றது ஓகே, ஆனா வெலையப் பத்தி வாயே தொறக்கலயே. அங்க 20 டாலருக்கு கீழ கெடைக்குற பாட்டிலு, வயசும் கம்மி, ஸ்ட்ராங்கும் சட்டப்படி கீழ்மட்டமான 40 சதவீதத்த ஒட்டிதான் இருக்கும், இங்க அதுக்கு கப்பல்ல வந்த கௌரவம் சேந்துடுது. 2025 பிப்ரவரில போர்பனுக்கு இறக்குமதி வரிய 150லேந்து 100 சதவீதமா கொறச்சாங்க, அப்பவும் சரக்கு வெல எவ்ளவோ அவ்ளோ வரியும் கட்டணும்னு அர்த்தம், அதுக்கு மேல மாநிலத்து கலால் வரி, ஹோல்சேல்காரன் லாபம், கடைக்காரன் லாபம். பாண்டில வரி கம்மின்றதால டாஸ்மாக்கோட ஒப்பிட்டா மலிவா தெரியுது, அவ்ளோதான். சோடாவுல கலந்து அடிக்கறதுன்னா இந்த காசு வேஸ்ட்டு, ஒத்துக்கங்க.

வில்லியனூரான்:
சோடாவுல அடிச்சா வேஸ்ட்டுதான், அத மறுக்கல. ஆனா அதுக்காக சிங்கிள் மால்ட்டோட சேத்து பேசாதீங்க பங்காளி, அது ஒரே ஆலைல முளகட்டுன பார்லில காய்ச்சறது, இது மக்காச்சோளம், ருசியே வேற எடம். நம்ம கோவாவுல காய்ச்சற சிங்கிள் மால்ட் பால் ஜான் ஊறறதும் பழைய போர்பன் பீப்பாய்லதான், போர்பன் புடிச்சவனுக்கு அதுல லேசா ஒரு சொந்தம் தெரியும், அத வேற நாள் பேசலாம்.

இப்ப குடிக்கற முறைக்கு வாங்க. பாண்டி வெக்கைல பாட்டில் சும்மாவே சூடா இருக்கும், அப்படியே ஊத்தி மூக்க உள்ள விட்டா ஆல்கஹாலுதான் ஏறும், வேற ஒன்னும் தெரியாது. பாட்டில கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சிட்டு எடு, வாய் குறுகுன கிளாஸ்ல 30 எம்எல் மட்டும் ஊத்தி அஞ்சு நிமிஷம் சும்மா விட்டுடு, வாய லேசா தொறந்து வெச்சுக்கிட்டு மோந்து பாரு. மொத சிப்பு நாக்க பழக்கத்தான், அத வெச்சு தீர்ப்பு சொல்லாத. ரெண்டாவதுல கேரமலும் அந்த மல்லாட்டையும் தெளிவா வரும், அப்புறம் ஒரு ஸ்பூன் தண்ணி விடு, மரத்தோட லேசான கசப்பு மேல வரும். முழுங்குனப்புறம் ருசி எவ்ளோ நேரம் நிக்குதுன்னு கவனி, காசுக்கு தகுமா தகாதான்னு அங்கதான் தெரியும். இதுல சட்டுன்னு முடிஞ்சிடும், 4 வருஷத்துக்கு அவ்ளோதான் எதிர்பாக்கணும். அப்புறம் நெத்திலி வறுவல் மசாலாவோட இத ருசி பாக்கறேன்னு எவனாவது கெளம்புனா நான் பொறுப்பில்ல.

மஞ்சக்குப்பத்தான்:
வில்லியனூரான் அண்ணே, நீங்க சொன்னபடி மிச்சமிருந்ததுல செஞ்சு பாத்தாச்சு. ஸ்பூன் தண்ணி விட்டதும் ஆளே மாறிடுச்சு, அந்த சுர்ரு போயி பின்னாடி மரம் மாதிரி ஒரு கசப்பு வருது, நல்லா இருக்கு. ஆனா நீங்க சொன்ன மாதிரி சீக்கிரம் கரைஞ்சிடுது. ஜாக் டேனியல்ஸுக்கு ஏறலாமா? அதுவும் போர்பன்தானே? இன்னொன்னு, கால் பாட்டில் மிச்சம் கெடக்கு, வண்டில வெச்சி வீட்டுக்கு எடுத்தாந்துடவா?

முத்தியால்பேட்ட மாமா:
ஜாக் டேனியல்ஸ் டென்னசி விஸ்கி. கிட்டத்தட்ட அதே முறைதான், பீப்பாய்ல ஊத்தறதுக்கு முன்னாடி மேப்பிள் மரக் கரில வடிகட்டுவானுங்க, அவனுங்களும் போர்பன்னு போட்டுக்க மாட்டானுங்க. வெல கூட, அதுக்கேத்த மாதிரி ருசி கூடும்னு நான் சொல்ல மாட்டேன். உனக்கு அந்த மல்லாட்டதான் புடிச்சிருக்குன்னா ஒயிட்லயே இரு. கடைல 'பாட்டில்ட் இன் பாண்ட்'னு போட்ட போர்பன் என்னிக்காவது கண்ல பட்டா தூக்கிடு, 1897லேந்து இருக்கற சட்டம், கொறஞ்சது 4 வருஷம், 50 சதவீத ஸ்ட்ராங், ஒரே ஆலைல ஒரே சீசன்ல காய்ச்சினது.

வீட்டுக்கு எடுத்துட்டுப் போறத மறந்துடு. கடலூர் எல்லைல இருக்கற ஆல்பேட்ட செக்போஸ்ட்ல பாண்டி சரக்கு மாட்டுச்சுன்னா கால் பாட்டிலுக்காக கேஸு வாங்கிட்டு நிப்ப. ஃப்ரெண்டு ரூம்லயே வெச்சிட்டு வா. குடிச்சன்னிக்கு வண்டியையும் அங்கயே போட்டுட்டு கடலூர் பஸ்ஸ புடி.

சோடா மூடி:
ஃப்ரெண்டு ரூம்ல வெச்சா திரும்பி வர்றதுக்குள்ள பாட்டில் காலி, பரவால்லயா?