மறுகுடியமர்வுப் பகுதிச் சபையில் ஊழியர் பயிற்சி: எங்கிருந்து தொடங்குவது?

சேகரச் செயலர், பெரும்பாக்கம்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்ட குடும்பங்களே எங்கள் சபையில் அதிகம். ஆயர் ஒருவரே மூன்று சபைகளைக் கவனிப்பதால், வீட்டுக் கூட்டமும் நோயாளர் சந்திப்பும் ஏழு விசுவாசிகளின் பொறுப்பில் இருக்கின்றன. அவர்களில் ஐந்து பேர் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் ஷிப்ட் முறையில் துப்புரவு, காவல் வேலை பார்ப்பவர்கள். சென்ற ஆண்டு வெளியிலிருந்து ஒரு போதகரை அழைத்து, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு வார வகுப்பு வைத்தோம். பிரசங்கம் தயாரிப்பதே முக்கியப் பாடம். நான்காம் வாரம் இரண்டு பேர்தான் வந்தார்கள். பாடத்தை மாற்றுவதா, ஆட்களை மாற்றுவதா என்று சபைகளை நிர்வகிக்கும் சேகரக் குழுவில் வாக்குவாதம் நடக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆயர்

ஆட்களை மாற்ற வேண்டாம், ஐயா. குடும்பத்தையும் பிழைப்பையும் விட்டுவிட்டு விடுதியில் தங்கிப் படிக்க முடியாதவர்களே சபைகளை உண்மையில் நடத்துகிறார்கள் என்பதைக் கண்டுதான், 1963இல் குவாத்தமாலாவின் பிரெஸ்பிட்டேரியன் இறையியல் பள்ளி ஆசிரியர்களை மாணவர்களின் ஊர்களுக்கே அனுப்பத் தொடங்கியது. வீட்டில் தாமாகப் படிக்கும் பாடநூல், கையில் இருக்கும் ஊழியம், வாரம் ஒருமுறை கூடிப் பேசுவது ஆகிய மூன்றும் சேர்ந்ததே அந்த முறை. நம் நாட்டிலும் 1971இல் பெங்களூரில் டாஃப்டீ (TAFTEE) என்ற இறையியல் விரிவாக்கக் கல்வி அமைப்பு இதற்காகவே அமைந்தது. ஆனால் வாராந்தரக் கூடுகையை விட்டுவிட்டுப் புத்தகத்தை மட்டும் விநியோகித்தால் அது அஞ்சல்வழிக் கல்வியாகிவிடும். நான் நடத்திய குழுக்களில் அப்படித்தான் இரண்டு குழுக்கள் கலைந்தன.

பெண்கள் ஐக்கியச் சகோதரி, கண்ணகி நகர்

ஐயா சொன்ன முறை நல்லதே. என்ன கற்பிப்பது என்பதையும் பேச வேண்டும். எங்கள் பகுதியில் ஒரு பாட்டி இரவு பதினொரு மணிக்கு மூன்றாம் மாடியில் இறந்துபோனார். படிக்கட்டில் பாடையைத் திருப்ப இடமில்லாமல், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துச் சேலையால் கட்டி நான்கு பையன்கள் இறக்கினார்கள். நாங்கள் முன்பு குடியிருந்த பழைய இடத்தில் என்றால் எந்தக் கல்லறைத் தோட்டம் என்று குழந்தைக்கும் தெரியும். இங்கே யாரிடம் அனுமதி கேட்பது என்பதுகூட எங்கள் ஊழியருக்குத் தெரியவில்லை. அவர் அருமையாகப் பிரசங்கிப்பவர்தான். ரேஷன் அட்டை முகவரி மாற்றம், குடித்துவிட்டு அடிக்கும் கணவன், படிப்பை நிறுத்திய பையன் என்று ஜெபம் கேட்டு வருகிறவர்கள் கொண்டுவருவது இவற்றைத்தான். அடுத்த வீட்டு இந்துக் குடும்பமும் இஸ்லாமியக் குடும்பமும் இவற்றோடுதான் நம் கதவைத் தட்டுகின்றன. (சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு உங்கள் பிளாக்கில் தண்ணீர் வருமா? எங்கள் பக்கம் அது குடம் நிரப்பும் நேரம்.)

இறையியல் பட்டதாரி

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, மாணவர்களை வளாகத்துக்கு வெளியே குடிசைப் பகுதிகளிலும் கிராமங்களிலும் தங்கிப் படிக்க அனுப்புவதைப் பலரும் அறிவீர்கள். ஆயராகப் போகிறவர் மக்களிடம் போய்க் கற்கும் ஏற்பாடு அது. உங்கள் ஏழு பேருக்கோ அந்த வாழ்க்கை ஏற்கெனவே இருக்கிறது. அதை வேதத்தோடு சேர்த்து வாசிக்கும் பழக்கம்தான் தேவை. சகோதரி சொன்ன சாவு வீட்டையே முதல் பாடமாக வைத்து, அன்று என்ன செய்தோம், யார் வந்தார்கள், எந்த வேதபகுதியை வாசித்தோம், அது அந்தப் பாட்டியின் குடும்பத்துக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று பேசலாம். ஆயரும் அவர்களோடு மாணவராக உட்கார வேண்டும்; அவர் வராவிட்டால் பயிற்சி பெற்றவர்களைப் போட்டியாகப் பார்க்கும் சங்கடம் பின்னால் வரும்.

சேகரச் செயலர், பெரும்பாக்கம்

அனைவருக்கும் நன்றி. சகோதரி கேட்டபடி விசாரித்தேன். எங்கள் பிளாக்கிலும் அதே நேரத்தில்தான் தண்ணீர் விடுகிறார்கள். வகுப்பு வைத்த எவருக்கும், என்னையும் சேர்த்து, அது தோன்றவில்லை. இனி ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் ஒன்றரை மணி நேரம் கூடுவதாகவும், ஏழு பேரும் அந்த வாரம் தங்களிடம் கேட்கப்பட்ட ஒரு காரியத்தைக் குறித்துக்கொண்டு வருவதாகவும் பேசியிருக்கிறோம். ஆயர் மாதம் இரண்டு வாரம் வருவதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்.