ஸ்கூலுக்கு பின்னால உள்ள தடுப்புச் சுவர் வயிறு தள்ளி நிக்குது, திரும்ப பூசினா போதுமா?

பண்டாரவளை அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். எங்க தோட்டத்து ஸ்கூல் மலையை வெட்டி தட்டாக்கி கட்டினது, பின்னால பத்தடி உயரத்துல கருங்கல் சுவர், அதுக்கும் மூணாம் வகுப்பு சன்னலுக்கும் நடுவுல நாலடி கூட இல்ல. போன வருசம் வேலைக்கு வந்தவங்க சுவர் அசிங்கமா இருக்குனு முழுசா சீமெந்து பூசி பெயின்டும் அடிச்சாங்க, அடியில இருந்த சின்ன சின்ன ஓட்டையெல்லாம் அதோட மூடிப்போச்சு. இப்ப ஐப்பசி மழைக்கு பிறகு நடுவுல வயிறு தள்ளி நிக்குது, குறுக்க ஒரு வெடிப்பு, என் சுண்டுவிரல் நுனி உள்ள போகுது. இன்னொரு பூச்சு பூசினா சரியாயிடும்னு குழுவுல சொல்றாங்க, எனக்கு மனசு ஒப்பல, மக அந்த வகுப்புல தான் இருக்கா.

ஹட்டன் சிவில்:
அண்ணே, முதல்ல அந்த வகுப்பை வேற இடத்துக்கு மாத்த சொல்லுங்க, மத்ததெல்லாம் பிறகு. அந்த ஓட்டை தான் சுவருக்கு மூச்சு. மண்ணு காஞ்சிருந்தா பத்தடி சுவரை ஒரு மீட்டர் நீளத்துக்கு ரெண்டரை மூணு டன் அளவுல தான் தள்ளும், ஓட்டைய அடைச்சு பின்னால தண்ணி உச்சி வரைக்கும் நின்னுச்சுனா தண்ணி மட்டுமே நாலரை டன், மண்ணையும் சேர்த்தா காஞ்ச மண்ணு தள்ளுறதுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அதுக்கு பூச்சு என்ன செய்யும்? வெடிப்பை மறைக்கும், அவ்வளவு தான், அடுத்த தடவை விரியிறதும் கண்ணுக்கு தெரியாது. அதுக்காக நீங்களா டிரில் எடுத்துட்டு போய் ஓட்டை போட்டுடாதீங்க, தள்ளி நிக்கிற சுவருக்கு அடியில ஆள் நிக்கவே கூடாது. ஸ்கூல் அதிபர் மூலமா தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு எழுதுங்க, பிரதேச செயலகத்துக்கும் ஒரு கொப்பி. வெடிப்போட ரெண்டு முனையிலயும் கோடு போட்டு தேதி எழுதின போட்டோ இருந்தா வையுங்க, இல்லனா இனி அதுக்காக கிட்ட போகாதீங்க, தூரத்துல இருந்து எடுத்தா போதும்.

மேசன் மாமா, மஸ்கெலியா:
தம்பி சொன்னது சரி. முப்பது வருசமா கல்லு கட்டுறேன், திரும்ப கட்டும்போது சுவருக்கு பின்னால ஒரு அடி அகலத்துக்கு வெறும் மெட்டல், அதாவது உடைச்ச கருங்கல் ஜல்லி, போட சொல்லுங்க, மெட்டலுக்கும் மண்ணுக்கும் நடுவுல வடிகட்டுற துணியும் வேணும், இல்லாட்டி சேறு வந்து ரெண்டு மழையில ஓட்டையில வைக்கிற தண்ணி பைப்பை அடைச்சிடும். மேல தேயிலைக்குள்ள மழைத்தண்ணி ஓடுற ஒரு கான் இருக்குமே, அதை யாராச்சும் போய் பார்த்தீங்களா? அது தூர்ந்து கிடந்தா மலையில வர்ற தண்ணி முழுக்க சுவருக்கு பின்னால தான் இறங்கும்.

டீச்சர்:
எங்க ஸ்கூல்ல மழைமானி வச்சிருக்கோம், காலையில பிள்ளைங்களே அளந்து பலகையில எழுதுவாங்க. மண்சரிவுக்கு, 24 மணித்தியாலத்துல மழை 75 மில்லிமீட்டர் தாண்டினா கவனமா இருக்கணும், 100ல தயாராகணும், 150ன்னா வெளியேறணும். சேத்துத் தண்ணி திடீர்னு வந்தாலும், வர்ற ஊத்து திடீர்னு நின்னாலும் அளவு பார்த்துட்டு இருக்காதீங்க. 2014 ஒக்டோபர் 29ல மீரியபெத்தை தோட்டத்துல நடந்த மண்சரிவு இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. அவசரம்னா 117க்கு கூப்பிடுங்க.

பண்டாரவளை அப்பா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அதிபர்கிட்ட இதை அப்படியே காட்டினேன், திங்கக்கிழமைல இருந்து மூணாம் வகுப்பு மண்டபத்துல. கானை போய் பார்த்தோம் மாமா, பாதி தூரம் மண்ணு மூடி மேல புல்லே முளைச்சிருக்கு, மழை விட்டதும் தோட்டத்து துரைகிட்ட சொல்லிட்டு வெட்டப்போறோம். கடிதம் நாளைக்கு போகுது.